விரலை எடுத்தால் நிற்க வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

பார்சல் கடைக்கே வந்துவிட்டது. பிரிக்காமல் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதன்பிறகு வேலையே ஓடவில்லை. ஒருவருக்கு இடது கண்ணைச் சோதித்துவிட்டு, மறுபடியும் இடது கண்ணுக்கே லென்ஸைச் செருகினேன். "மேடம், இந்தப் பக்கமும் எனக்கு ஒண்ணு இருக்கு" என்றார் மனுஷன். பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். இப்படி ஆனதில்லை.

வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் வைத்துப் பிரித்தேன். பேட்டரியில் ஓடும் லாரி, ரிமோட்டோடு. பாறை ஏறுவதற்கென்றே செய்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். உடம்புக்குப் பொருந்தாத தடித்த டயர்கள். ஏற்கெனவே ஒருவர் ஓட்டியது. விற்றவர் ஒரு பல் டாக்டர். உள்ளே ஒரு சீட்டு வைத்திருந்தார்: 'முன்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியும். விரலை எடுத்தால் சரிவிலும் அப்படியே நிற்கும். மற்றபடி சாது.'

இவர் ஆபீசிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருக்கு?"

"எனக்கு."

"சரி."

அந்தச் 'சரி'க்குள் குறைந்தது நாலு கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்காமல் கைகழுவப் போய்விட்டார்.

மார்ச் 4, புதன்

ஏன் வாங்கினேன்?

போன மாதம் அக்காவை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு லாரி, பாறை மேல், ஆமை மாதிரி. பாதி ஏற்றத்தில் ஓட்டுகிறவன் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தான். லாரி நின்றது. மூக்கு வானத்தைப் பார்க்க, ஒரு அங்குலம் கூடப் பின்னால் வராமல் நின்றது. முன்பின் தெரியாதவரிடம், "இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டேன். வெட்கக்கேடு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கே பழைய லாரி தேட ஆரம்பித்தேன்.

ஜூலையில் நடந்ததை இந்த நோட்டில் ஒருமுறை கூட முழுதாக எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

கேட்டிலிருந்து ஷெட் வரை எங்கள் வீட்டு வாசல் மேலேறும் சரிவு. காரைச் சரிவில் நிறுத்திவிட்டு ஷட்டரைத் தூக்க இறங்கினேன். கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அக்கா பின்னால் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். கார் பின்னால் உருண்டது. கேட் தூணுக்கும் காருக்கும் நடுவில் அவள் வலது கணுக்கால்.

எதிர் வீட்டுக்காரர்தான் ஓடிவந்து ஏறி, காரை முன்னால் நகர்த்தினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஹேண்ட் பிரேக் போட்டேன். போட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதற்கு ஆறு நாள் முன்னால்தான் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் கேபிளை முறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் என்ன, யார் தப்பு என்பது தானாகவே முடிவாகிவிட்டது. இவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வேலை செய்த மெக்கானிக்கை அத்தனை பேர் நடுவில் நிற்கவைத்துக் கத்தினார். முதலாளி அவரைப் பிரேக் வேலையிலிருந்து எடுத்து, கார் கழுவுகிற இடத்தில் போட்டுவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். ரப்பர் பூட்ஸ், தண்ணீர்க் குழாய். நான் கடைக்கு நடந்துபோகும்போது, "வணக்கம் மேடம்" என்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது சுற்றுவழியில் போகிறேன்.

நான் கார் ஓட்டி எட்டு மாதம்.

மார்ச் 6, வெள்ளி

லாரியின் சக்கர அச்சில் யாருடைய தலைமுடியோ சுற்றியிருக்கிறது. டாக்டருடையதாக இருக்காது, விற்பனைப் பக்கத்துப் படத்தில் அவருக்கு வழுக்கை. காய்ந்த சேறு எல்லா இடுக்கிலும். முழுக்கக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். என் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ டிரைவர் எதுவும் சேரவில்லை. இதன் ஸ்க்ரூக்களுக்குத் தலையில் அறுகோணக் குழி. நாளைக்கு அதற்கான சாவி வாங்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து மாலை வரை தரையில்தான். கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரூக்களைக் கான்டாக்ட் லென்ஸ் டப்பாக்களில் போட்டேன். வலது, இடது என்று மூடியில் எழுத்து இருப்பது எவ்வளவு வசதி. டயருக்குள் பஞ்சு வளையம் நைந்து போயிருந்தது, கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஷாக்கைத் திறந்தால் பாதி எண்ணெய்தான் மிச்சம். மோட்டாரோடு பேசும் சின்னக் கருப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது, கண்ட்ரோலர். தீப்பெட்டி அளவு. அதைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மேலோடு தூசி தட்டினேன்.

அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் தடி ஒன்று, கால் ஒன்று. என்னைச் சுற்றிக் கிடந்ததையெல்லாம் பார்த்தாள்.

"இது மோதினா எனக்கு சுண்டுவிரல் மட்டும்தான் போகும். முன்னேற்றம்தான்."

"அக்கா..."

"சும்மா சொன்னேன்டி. எத்தனை ஸ்க்ரூ?"

"இதுவரைக்கும் எண்பத்தி மூணு."

"என் கால்ல ஏழுதான். அதுக்கே இந்தப் பாடு."

விளையாட்டு டீச்சர் அவள். இருபத்தாறு வருடம் மைதானத்தில் விசில் ஊதியவளை இப்போது பள்ளி ஆபீசில் உட்கார்த்தி வருகைப் பதிவேடு பார்க்க வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேசையில் யாராவது சத்தம் போட்டால் ஊதுவதற்கு விசிலை இன்னும் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டு போகிறாளாம். போகும்போது சொன்னாள்: "அந்த மெக்கானிக் கையில குடுக்காம நீயே பிரிச்ச பாரு, அதுவே நல்லது. அவன் தொட்டா பொம்மையும் உருளும்."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 11, புதன்

ஒன்றும் ஓடவில்லை. கடையில் நின்றால் உட்காரலாம் போல, உட்கார்ந்தால் எழுந்திருக்கலாம் போல. நகத்தைக் கடித்துக் கட்டைவிரலில் ரத்தம்.

மார்ச் 13, வெள்ளி

லைசன்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் கேட்டு ஒரு வேன் டிரைவர் வந்தார். கடைசி வரியைத் தடதடவென்று சொன்னார். எனக்கு ஏதோ உறுத்தியது. பலகையில் வேறு எழுத்துகளை மாற்றிப் போட்டேன். அவர் முன்பு சொன்ன அதே ஐந்து எழுத்தைத் திரும்பவும் சொன்னார், அதே வேகத்தில். திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது முந்தைய ஆள் படித்ததைக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது. "இப்ப வேற எழுத்து போட்டிருக்கேன் சார்" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "கண்ணால பாத்துத்தானேம்மா சொல்றேன்" என்றார்.

அந்த முகத்தில் திருட்டுத்தனம் இல்லை. பார்த்ததாகவே நினைக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

மாட்டி முடித்துவிட்டேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. இவர், "ஒண்ணு மிஞ்சினா கெட்டிக்காரி, ரெண்டு மிஞ்சினாதான் கவலைப்படணும்" என்றார்.

ரிமோட்டில் விசையை மெதுவாக அழுத்தினேன். போனது! சக்கரம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தடை தேடிக்கொண்டு போகிறது. செருப்பு மேல் ஏறியது. அகராதி மேல் ஏறியது. இவர் காலை நீட்டினார், கால் மேலும் ஏறியது. "கூசுது, கூசுது" என்று காலை இழுத்துக்கொண்டார். எத்தனை மாதமாயிற்று, நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து.

அப்புறம் இஸ்திரிப் பலகையைச் சோபாவில் சாய்த்து வைத்தேன். அதற்காகத்தானே வாங்கினேன். பாதி வரை ஏற்றி விரலை எடுத்தேன்.

உருண்டது. பின்னாலேயே உருண்டு வந்து தரையில் மோதிக் கவிழ்ந்தது.

இன்னொரு தடவை. உருண்டது. ஏழு தடவை.

மார்ச் 16, திங்கள்

பல் டாக்டருக்குக் காலையிலேயே செய்தி அனுப்பினேன். 'சரிவில் நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். நிற்கவில்லை. தெரிந்தேதான் விற்றிருக்கிறீர்கள்.'

அவர் போனில் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. வாயைத் திறந்துவைத்திருப்பவர்களிடம் பேசிப் பழகிய குரல். "என்கிட்ட இருந்தவரைக்கும் நின்னுச்சே மேடம். கண்ட்ரோலர்ல மூணு ஜோடி ஊசி இருக்கும், அதுல ஒரு ஜோடி மேல சின்னக் கருப்பு மூடி. நடு ஜோடியில இருந்தா பாதி பிரேக், கடைசியில இருந்தா முழு பிரேக், முதல்ல இருந்தா பிரேக்கே இல்ல. கழற்றும்போது அது எங்கயாவது..."

"நான் அதைத் தொடவே இல்ல."

"தெரியாம கை பட்டிருக்கலாம்."

"தொடவே இல்லன்னு சொல்றேன்ல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"சரி மேடம். பரவாயில்ல. அனுப்பிடுங்க, நானே எடுத்துக்கறேன்."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம். நான் தொடவே இல்லை. வெறும் பிரஷ்ஷால் தூசிதானே தட்டினேன்.

மார்ச் 17, செவ்வாய்

அவருக்கு ஆதாரம் காட்டலாம் என்று எட்டாம் தேதி எடுத்த படங்களைத் தேடினேன். மூன்றாவது படம். பெரிதாக்கிப் பார்த்தேன்.

கருப்பு மூடி கடைசி ஜோடியில் இருக்கிறது.

எழுந்துபோய் லாரியைப் பார்த்தேன். முதல் ஜோடியில் இருக்கிறது.

அப்படியானால் அதைப் பிடுங்கி, வேறு இடத்தில் செருகியது யார்? இந்த வீட்டில் வேறு யாரும் இதைத் தொடுவதில்லை. நான்தான் கழற்றியிருக்கிறேன். தூசி தட்டும்போது விழுந்திருக்கும், எடுத்து ஏதோ ஒன்றில் மாட்டியிருப்பேன். ஆனால் எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. துளிகூட இல்லை. தொடவில்லை என்பதுதான் ஞாபகத்தில் பளிச்சென்று இருக்கிறது. இப்போது கூட, படத்தைப் பார்த்த பிறகு கூட.

மூடியைக் கடைசி ஜோடிக்கு மாற்றினேன். பலகையில் ஏற்றினேன். விரலை எடுத்தேன். நின்றது. மூக்கு மேலே பார்க்க நின்றது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாக ஒரே இடத்தில்தான் சுற்றுகிறேன். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.' ஜூலையில் அத்தனை பேரிடமும் இதே வாக்கியம்தானே சொன்னேன்? இதே குரலில். ஹேண்ட் பிரேக்கை இழுத்த கை இன்னும் எனக்குத் தெரிகிறது, அந்தக் கடகட சத்தம் கேட்கிறது. ஆனால் அது அன்றைய சத்தமா? ஆயிரம் தடவை இழுத்திருக்கிறேனே, அதில் எதுவோ ஒன்றா?

கேட்க ஒரு ஆள் இருக்கிறார். எட்டு மாதமாக இருக்கிறார், எதிர் வீட்டில். காரில் ஏறியவர். பிரேக் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று அவர் கைக்குத் தெரியும். நான் கேட்டதில்லை. அவர் வாசலில் நின்றால் நான் போன் பேசுவது போலப் போய்விடுவேன். வாய் நீளமான மனுஷர், பிடித்தால் விடமாட்டார் என்று இவரிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சீ.

மார்ச் 20, வெள்ளி

கேட்டேன்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடக்கூட இல்லை. "கீழதான் இருந்துதும்மா. முன்னால நகர்த்திட்டு நான்தான் இழுத்துப் போட்டேன். நீங்க அன்னிக்குப் பதறிப்போய் நின்னீங்க. அதைப் போய்ச் சொல்லி, உங்க மனசை ஏன் நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"அதுக்காக ஒரு மெக்கானிக்கைத் திட்டினோம். அவரைக் கார் கழுவப் போட்டுட்டாங்க."

"அது எனக்குத் தெரியாதே" என்றார். செடித்தொட்டி நிரம்பித் தண்ணீர் அவர் கால் மேல் வழிந்துகொண்டிருந்தது.

மார்ச் 21, சனி

முதலில் இவரிடம் சொன்னேன். "இப்ப போய்ச் சொல்லித்தான் ஆகணுமா? அவங்க கால் என்ன, திரும்பவா வரப்போகுது?" என்றார். நான் மாடி ஏறினேன். பதினாறு படி. ஏழாவது படியில் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அக்கா காலை நாற்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். எதிர் வீட்டுக்காரர் சொன்னது, கருப்பு மூடி, எல்லாம். சொல்லும்போதே, கதையை நீட்டி முழக்குகிறேன் என்று தெரிந்தது. கடைசியில், "பிரேக் போடல அக்கா. நான் போடல" என்றேன்.

அவள் உரித்துக்கொண்டேயிருந்தாள்.

"கால் போனது விபத்து. அதை நான் ஏத்துக்கிட்டேன். யாருக்கும் கை தவறும்." தோலை ஒன்றாகக் குவித்தாள். "ஆனா தினமும் காலையில எழுந்து காலை ஊனும்போது ஒரு வலி வரும் பாரு. ஒவ்வொரு நாளும் அந்த வலியோட அவனைத் திட்டினேன். அவன் கை விளங்காம போகணும்னு சொல்லியிருக்கேன்டி. புள்ளகுட்டிக்காரன். எட்டு மாசம். என் வாயால அதைச் சொல்ல வச்சுட்டியே."

"அக்கா, எனக்கே நிஜமா..."

"உனக்கே தெரியாது, அதானே? எதிர் வீட்டுக்கு எத்தனை அடி? முப்பதா? என்னால நடக்க முடியல. உன்னால முடிஞ்சுதுல்ல."

நான் நின்றேன்.

"கீழ போ."

மார்ச் 22, ஞாயிறு

லாரியைத் தொடவில்லை. ஷாக்குக்கு எண்ணெய் வாங்கி வைத்தது அப்படியே இருக்கிறது. பல் டாக்டருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது மேடம். ஒருமுறை சரியான பல்லைத்தான் பிடுங்கினேன் என்று சத்தியம் செய்தேன்' என்று பதில் போட்டிருந்தார். அதற்கு மேல் விவரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அங்க கத்தினது நான்தானே. நானும் வரேன்."

ஒர்க்‌ஷாப் முதலாளி எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார். "அட, அது பழைய கதை மேடம், விடுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். எல்லோரையும் கூப்பிடச் சொன்னேன். இவர் அன்றைக்குக் கத்திய அதே இடம், தூக்கி நிறுத்திய கார்களுக்கு நடுவில். ஐந்தாறு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். மெக்கானிக் கடைசியாக வந்தார், பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்ட.

சொன்னேன். நான் பிரேக் போடவில்லை, மெக்கானிக் வேலையில் குறை இல்லை, பார்த்த ஆள் இருக்கிறார். இவரும் பக்கத்தில் நின்று, "நான் பேசினது தப்பு" என்றார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மெக்கானிக் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. கோபம் கூட.

"கேபிளை நான் சரியாத்தான் முறுக்கினேன்னு மொதல்ல நல்லாத் தெரியும் மேடம். ஒரு மாசம் வரைக்கும் தெரியும். அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகமாயிடுச்சு. அந்த நட்டை முறுக்கினேனா, முறுக்கலையான்னு. இப்ப என் ஸ்கூட்டரை நிறுத்தினாக்கூட மூணு தடவை திரும்பிப் போய்ப் பாக்கறேன்."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"வாயால சொன்னா போதாது. எழுதிக் குடுங்க" என்றார். பஸ் டிப்போவில் வேலைக்குக் கேட்டிருக்கிறாராம். பிரேக் வேலையிலிருந்து ஏன் எடுத்தார்கள் என்று அங்கே கேட்கிறார்களாம்.

பையில் இருந்த காகிதம் கண்ணாடிக்கு நம்பர் எழுதும் சீட்டுப் புத்தகம் மட்டும்தான். வலது கண், இடது கண் என்று கட்டம் போட்டது. கட்டங்களுக்கு மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இவரும் போட்டார். மெக்கானிக் இரண்டு தடவை படித்து, கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

முதலாளி திங்கட்கிழமையிலிருந்து பழைய வேலைக்கே வரச் சொன்னார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மெக்கானிக்.

மார்ச் 28, சனி

அக்கா பேசவில்லை. பிசியோதெரபிக்குத் தனியாக டாக்சி வைத்துப் போய் வருகிறாள். படியில் தடி சத்தம் கேட்டால் நான் அசையாமல் நின்றுவிடுகிறேன், அவள் கேட்டைத் தாண்டும் வரை. கார் அவள் போகும் வழியிலேயே நிற்கிறது, போர்வை போட்டு மூடி.

நாலு ஷாக்குக்கும் எண்ணெய் மாற்றினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 1, புதன்

சுற்றுவழி இல்லாமல் நேர்வழியில் கடைக்குப் போனேன். கழுவும் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். மெக்கானிக் ஏதோ காரின் அடியில் படுத்திருந்தார் போல. அந்த பூட்ஸ் இல்லை, சாதா செருப்புக் கால்கள். அவர்தானா? கேட்கவில்லை. டிப்போ பதில் சொல்லும் வரை மட்டும் பழைய வேலைக்கு வருகிறார் என்று முதலாளி சொன்னதாக இவர் சொன்னார்.

காரின் போர்வையை எடுத்தேன். உள்ளே உட்கார்ந்தேன். எட்டு மாதத் தூசி வாசனை. ஸ்டார்ட் செய்யவில்லை. பேட்டரி செத்திருக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காய்கறி வாங்கப் போய்விட்டு வந்தால் கூடத்தில் லாரி இல்லை. ரிமோட்டும் இல்லை. இவரைக் கேட்டேன். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் கூரையைக் காட்டினார்.

மேலே சத்தம் கேட்டது. கரகரவென்று மோட்டார், மெதுவாக. ஏதோ ஒன்றில் ஏறுகிறது. நின்றது. மறுபடியும் கரகர. தடாலென்று விழுந்தது. அக்கா ஏதோ திட்டினாள். தடியால் நிமிர்த்தியிருக்க வேண்டும். தடி தரையில் உரசியது. மறுபடியும் ஏறுகிறது. அரை மணி நேரம் இப்படியே. நான் கத்தரிக்காயைப் பையிலிருந்து எடுக்காமல் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. பதினைந்து நாளைக்குப் பிறகு அவள் குரல்.

"வலது பக்கமாவே இழுக்குது. என்னத்த மாட்டி வச்சிருக்க? அந்த ஸ்க்ரூ சாவியை எடுத்துட்டு மேல வா."

எடுத்துக்கொண்டு போகிறேன்.